வீட்டிலேயே கிடார் செய்ய: ஸ்கேல் நீளம், ஃப்ரெட் இடைவெளி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாளையங்கோட்டை சர்ச் பாடகர் குழுக்களில் வாசிக்கிற பையன்கள், அம்பாசமுத்திரம், வீரவநல்லூர் பக்கம் மரவேலை பார்க்கிற ஆசாரிமார், பிள்ளைக்குச் சொந்தக் கையால் ஒன்று செய்து கொடுக்க நினைக்கிற அப்பாமார் எனப் பலரும் என்னிடம் கேட்கிறது ஏறக்குறைய இதே கேள்விகளைத்தான். பெட்டியில் தப்பு வந்தால் ஒட்டிச் சரிசெய்யலாம். பாலிஷ் கெட்டால் தேய்த்துவிட்டு மறுபடி அடிக்கலாம். கழுத்தின் குறுக்கே பதித்திருக்கும் உலோகக் கம்பியான ஃப்ரெட் இடம் மாறிவிட்டால் அந்தக் கிடாரில் எதை வாசித்தாலும் சுருதி நிற்காது. அதனால் இந்த ஒரு விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

ஸ்கேல் நீளம் என்றால் எதிலிருந்து எது வரை?

தலைப்பக்கம் கம்பிகள் உட்காருகிற சின்ன எலும்புத் துண்டு நட். பெட்டி மேல் ஒட்டியிருக்கும் கட்டை பிரிட்ஜ், அதில் செருகியிருக்கும் துண்டு சேடில். நட்டில் கம்பி பிரிகிற விளிம்புக்கும் சேடிலில் கம்பி தொடுகிற இடத்துக்கும் கணக்குப்படி இருக்க வேண்டிய தூரம்தான் ஸ்கேல் நீளம். உண்மையில் சேடில் அந்த இடத்திலிருந்து சில மி.மீ. பின்னால் தள்ளியே நிற்கும். ஏன் என்று கீழே வருகிறது.

கையில் இருக்கிற கிடாரின் அளவை எடுக்க வேண்டுமென்றால் சேடில் வரை அளக்காதீர்கள். நட் விளிம்பிலிருந்து 12-வது ஃப்ரெட்டின் நடு உச்சி வரை அளந்து, இரண்டால் பெருக்குங்கள். 324 வந்தால் அது 648 மி.மீ. கிடார். சேடில் வரை அளந்து, வந்த 651-ஐயோ 652-ஐயோ ஸ்கேல் நீளம் என்று எழுதி, அதை வைத்து ஃப்ரெட் போடுகிறவர்கள் உண்டு. எல்லா ஃப்ரெட்டும் கொஞ்சம் கொஞ்சம் தள்ளிப்போய்விடும்.

அப்படியென்றால் எந்த நீளம் வைக்கலாம்?

முதலில் உலகத்தில் என்ன வைக்கிறார்கள் என்று பார்ப்போம். நைலான் கம்பி போடும் கிளாசிக்கல் கிடாருக்குப் பொதுவான அளவு 650 மி.மீ. ஃபெண்டரின் ஸ்ட்ராடோகாஸ்டரும் டெலிகாஸ்டரும் 25.5 அங்குலம், அதாவது 647.7 மி.மீ. கிப்சன் லெஸ் பாலுக்குச் சொல்லப்படுகிற அளவு 24.75 அங்குலம், 628 பக்கம் வரும். மார்ட்டினின் பெரிய உடம்புள்ள ட்ரெட்நாட் 25.4 அங்குலம், 645. பேஸ் கிடார் 34 அங்குலம், 864. உகுலேலேயில் சோப்ரானோ 345 பக்கம், கான்சர்ட் 380, டெனர் 430.

இந்த எண்களில் எதுவும் மாற்றக்கூடாதது இல்லை. 637 வைத்தாலும் கிடார் கிடார்தான். ஆனால் கடையில் கிடைக்கிற கம்பி செட்டுகள் 620-லிருந்து 650 வரை உள்ள நீளத்தை மனதில் வைத்துச் செய்தவை. அதைவிட்டு ரொம்ப விலகினால் கம்பி தொளதொளவென்று கிடக்கும், இல்லாவிட்டால் விரல் வலிக்கும் அளவுக்கு இறுகும்.

முதல் கிடார் செய்கிறவருக்கு நான் சொல்வது: நைலான் கம்பி, 650 மி.மீ. காரணம் இழுவிசை. ஆறு நைலான் கம்பிகள் சேர்ந்து சுமார் 40 கிலோ இழுக்கும். ஸ்டீலில், பெட்டிக் கிடாருக்கான மெல்லிய 10 செட்டே (முதல் கம்பியின் தடிமன் 0.010 அங்குலம்) 60 கிலோ பக்கம் போகும், 12 செட் போட்டால் 70-ஐத் தாண்டும். கழுத்துக்குள் இரும்புத் தண்டு வைக்காமல் அவ்வளவு இழுவையைத் தாங்க வைப்பது முதல் தடவையிலேயே முடிகிற காரியமில்லை. கழுத்து வளையும், கம்பி உயரும், அழுத்தும்போது சுருதி கூடும். அப்புறம் ஃப்ரெட் கணக்கு எவ்வளவு சரியாக இருந்தும் பிரயோசனமில்லை.

ஸ்டீல்தான் வேண்டும் என்கிறவர்கள் 628 வையுங்கள், 10 செட் போடுங்கள், கழுத்துத் தண்டும் வாங்கி வையுங்கள். நீளம் கொஞ்சம் குறைந்தாலே இழுவிசை நன்றாகக் குறைகிறது. அது நீளத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 648-லிருந்து 628-க்கு வந்தால் நீளத்தில் குறைவது 3 சதவீதம், இழுவிசையில் குறைவது 6 சதவீதம்.

நீளம் குறைந்தால் சத்தமும் குறையுமா?

சத்தத்தின் அளவைப் பெட்டிதான் பெரும்பாலும் முடிவு செய்கிறது. நீளம் மாற்றுவது சத்தத்தின் குணத்தை. நீளமான ஸ்கேலில் தடித்த அடிக்கம்பிகள் தெளிவாக, இறுக்கமாகப் பேசும். குறைந்த ஸ்கேலில் ஒலி கொஞ்சம் மிருதுவாக, உருண்டையாக வரும். கம்பியை இழுத்து வளைப்பதும் எளிது.

என் மகனுக்கு ஒன்பது வயது. அவன் கைக்கு 650 பெரிசாக இருக்காதா அண்ணாச்சி?

இருக்கும். 650-ல் நட்டிலிருந்து நாலாவது ஃப்ரெட் வரை 134 மி.மீ. பிள்ளையின் ஆள்காட்டி விரல் முதல் கட்டத்திலும் சுண்டுவிரல் நாலாவது கட்டத்திலும் எட்ட வேண்டும். 600 வைத்தால் அதே தூரம் 124 ஆகிறது, 580 வைத்தால் 120-க்குள் வந்துவிடும். பார்க்க ஒரு சென்டிமீட்டர் வித்தியாசம்தான், சின்னக் கைக்கு அது பெரிய விஷயம். சிறுவர்களுக்கென்று விற்கும் கிடார்கள் பெரும்பாலும் 530-லிருந்து 590 வரை இருப்பதும் இதனால்தான்.

ஒரு எச்சரிக்கை. 580-ல் பெரியவர்களுக்கான நைலான் செட்டைப் போட்டு வழக்கமான சுருதியில் வைத்தால் இழுவிசை 20 சதவீதம் குறைந்துவிடும். கம்பி ஃப்ரெட்டில் அடித்துக் கரகரக்கும். ஹை டென்ஷன் செட் கேட்டு வாங்குங்கள், இல்லையென்றால் ஒரு முழு ஸ்வரம் ஏற்றி வைத்துக்கொள்ளுங்கள். ஏற்றி வைத்தால் பள்ளிக்கூடத்தில் மற்றவர்களோடு சேர்ந்து வாசிக்கும்போது பிள்ளை குழம்பும். அதனால் செட்டை மாற்றுவதே நல்லது.

நீளமான ஸ்கேலில் மெல்லிய மேல் கம்பி அறுந்துகொண்டே இருக்கிறது. தடியான கம்பி போட்டால் நிற்குமா?

நிற்காது. ஒரே உலோகத்தில் செய்த கம்பி எந்தச் சுருதியில் அறும் என்பது அதன் தடிமனை ஏறக்குறையப் பொறுத்ததே இல்லை. தடி கூடினால் தாங்கும் பலம் கூடும், அதே சுருதிக்கு வேண்டிய இழுவிசையும் அதே விகிதத்தில் கூடும். கணக்கு சமமாகிவிடும். சுருதியைக் குறைக்க வேண்டும், இல்லாவிட்டால் நீளத்தைக் குறைக்க வேண்டும். அதற்கு முன்னால் நட்டில் கம்பி உட்காரும் பள்ளமான காடியிலும் சேடில் விளிம்பிலும் கூர் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். ஒரே இடத்தில் அறுகிற கம்பி பெரும்பாலும் அங்கேதான் வெட்டுப்படும்.

ஃப்ரெட் இடைவெளியை நாமே தீர்மானிக்கலாமா?

முடியாது. நீளம் உங்கள் விருப்பம். நீளத்தை முடிவு செய்த அந்த நிமிஷமே ஒவ்வொரு ஃப்ரெட்டின் இடமும் முடிவாகிவிடுகிறது.

ஒரு ஸ்தாயியைப் பன்னிரண்டு சம அரை ஸ்வரங்களாகப் பிரிக்கிறோம். ஒவ்வொரு படிக்கும் அதிர்வு எண் 1.05946 மடங்கு கூடுகிறது. பன்னிரண்டு தடவை பெருக்கினால் சரியாக இரண்டு. கம்பியின் நீளம் அதே விகிதத்தில் குறைய வேண்டும். இதைக் கைக்கணக்காக ஆக்கினால் கிடைக்கிற எண் 17.817. மீதி இருக்கிற கம்பி நீளத்தை 17.817-ஆல் வகுத்தால் அடுத்த ஃப்ரெட்டுக்கு எவ்வளவு தள்ளிப்போக வேண்டும் என்று வரும்.

650-க்குச் செய்து பார்ப்போம். 650 ÷ 17.817 = 36.48. முதல் ஃப்ரெட் நட்டிலிருந்து 36.48-ல். மீதி 613.52. அதை 17.817-ஆல் வகுத்தால் 34.43. இரண்டாவது ஃப்ரெட் நட்டிலிருந்து 70.91-க்கும் 70.92-க்கும் நடுவில். இப்படியே போக வேண்டும். 12-வது ஃப்ரெட் சரியாகப் பாதியில், 325-ல் வந்து நிற்க வேண்டும். நிற்கவில்லை என்றால் கணக்கில் எங்கேயோ தவறு.

650 மி.மீ. ஸ்கேலுக்கு நட்டிலிருந்து ஒவ்வொரு ஃப்ரெட்டின் நடுவுக்கும் தூரம், மி.மீ.-ல்:

1 – 36.5
2 – 70.9
3 – 103.4
4 – 134.1
5 – 163.1
6 – 190.4
7 – 216.2
8 – 240.5
9 – 263.5
10 – 285.2
11 – 305.7
12 – 325.0
13 – 343.2
14 – 360.5
15 – 376.7
16 – 392.0
17 – 406.5
18 – 420.2
19 – 433.1
20 – 445.3

வேறு நீளம் என்றால் இதையே விகிதத்தில் மாற்றிக்கொள்ளலாம். 600 வேண்டுமென்றால் ஒவ்வொன்றையும் 600-ஆல் பெருக்கி 650-ஆல் வகுத்தால் போதும். போன் கால்குலேட்டரில் பத்து நிமிஷ வேலை.

வயதான ஆசாரி ஒருவர் 18-ஆல் வகுக்கச் சொன்னார். எது சரி?

18 என்பது பழைய வழக்கம். வானியல் அறிஞர் கலிலியோவின் அப்பா வின்சென்சோ கலிலேய் 16-ம் நூற்றாண்டிலேயே லூட் என்ற வாத்தியத்துக்கு 18-க்கு 17 என்ற விகிதத்தைச் சொல்லியிருக்கிறார். மனக்கணக்காகவே போட்டுவிடலாம் என்பதால் நிலைத்துவிட்டது. ஆனால் 650-ல் அந்தக் கணக்குப்படி 12-வது ஃப்ரெட் 322.6-ல் விழும். பாதிக்கு 2.4 மி.மீ. முன்னால். அழுத்தும்போது கம்பி நீண்டு சுருதி கொஞ்சம் கூடும், அதில் இந்தக் குறை ஓரளவு மறைந்துபோகும். அதனால்தான் இவ்வளவு காலம் ஓடியது. இன்று கையில் கால்குலேட்டர் இருக்கும்போது 17.817-தான். ஆசாரியிடம் வாதாட வேண்டாம், முடிவான அளவுகளை ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

அளவை மரத்தில் எப்படிக் குறிப்பது?

மற்ற எல்லாவற்றையும் விட இதில்தான் நிறைய கிடார்கள் கெட்டுப்போகின்றன.

எல்லா ஃப்ரெட்டையும் நட் விளிம்பிலிருந்தே அளக்க வேண்டும். முதல் ஃப்ரெட்டிலிருந்து இரண்டாவது, இரண்டிலிருந்து மூன்றாவது என்று தாவித் தாவி அளந்தால் ஒவ்வொரு தாவலிலும் விழுகிற சின்னத் தவறு சேர்ந்துகொண்டே போகும். ஒவ்வொன்றிலும் 0.2 மி.மீ. ஒரே பக்கம் விலகினால் 12-வது ஃப்ரெட்டில் 2.4 மி.மீ. ஒரு அரை ஸ்வரத்தை நூறு சென்ட் என்று கணக்கு வைத்தால், அது அங்கே 13 சென்ட் பிசகு. பல கம்பிகளைச் சேர்த்து அழுத்தி கார்டு பிடித்த உடனே காதில் உறுத்தும். ஒரு மி.மீ. தவறு முதல் ஃப்ரெட்டில் வந்தால் 3 சென்ட்டுக்கும் கீழே, 12-ல் 5 சென்ட், 20-ல் 8 சென்ட். மேலே போகப் போகக் கவனம் கூட வேண்டும்.

ஆசாரிமார் வைத்திருக்கும் டேப்பை இதற்கு எடுக்காதீர்கள். அதன் முனைக் கொக்கி ஆடும். ஆடுவதற்காகவே அப்படிச் செய்திருக்கிறார்கள். மரவேலைக்கு அது வசதி, ஃப்ரெட்டுக்கு ஆகாது. அங்குலக் கோடுகளிலும் 1/16 என்பது 1.6 மி.மீ., நமக்கு அது ரொம்பப் பெரிசு. அரை மி.மீ. கோடு போட்ட 60 சென்டிமீட்டர் இரும்பு அளவுகோல் வாங்கிக்கொள்ளுங்கள். அதை, ஃப்ரெட் பதிக்கிற பலகையான ஃபிங்கர்போர்டின் மேல் வைத்து இரண்டு பக்கமும் கிளாம்ப் போட்டு இறுக்கிவிடுங்கள். இருபது குறியும் போட்டு முடிகிற வரை அளவுகோல் அசையக் கூடாது. பென்சில் வேண்டாம். கூரான கத்தி முனையால் ஒரு சின்னக் கீறல். பென்சில் கோட்டின் அகலமே அரை மி.மீ. போய்விடும்.

அதற்கப்புறம் மூலமட்டத்தை வைத்து ஒவ்வொரு கீறலிலும் குறுக்குக் கோடு இழுக்க வேண்டும். இதைச் செய்யும்போது பலகையின் இரண்டு ஓரமும் இணையாக இருக்க வேண்டும். ஃபிங்கர்போர்டை நட் பக்கம் ஒடுக்கமாகவும் பெட்டிப் பக்கம் அகலமாகவும் இழைத்துவிட்டால் மூலமட்டம் சாய்ந்து உட்காரும், ஃப்ரெட்டும் சாயும். முதலில் குறி, அப்புறம் காடி வெட்டு, அதற்கும் பிறகுதான் ஓரத்தை இழைப்பது. இந்த வரிசையை மாற்ற வேண்டாம்.

ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுத்து ஒட்டலாமா?

எடுக்கலாம், ஆனால் அந்தத் தாளில் 100 மி.மீ. நீளக் கோடு ஒன்றும் சேர்த்து அச்சிட்டு, வந்ததும் அளந்து பாருங்கள். தாளுக்குள் அடங்கும்படி சுருக்கி அடிக்கிற வசதி பல கடைகளில் தானாகவே போட்டிருக்கும். 97 வந்தால் அந்தப் பிரிண்ட் வீண். ஏ4 தாளின் நீளம் 297 மி.மீ.தான், அதனால் இரண்டு தாளை ஒட்ட வேண்டிவரும். ஒட்டுகிற இடத்தில் நேர்கிற பிசகு அதற்கப்புறம் வரும் எல்லா ஃப்ரெட்டுக்கும் போய்ச் சேரும். பசை தடவினால் தாள் நீளவும் செய்யும். பிரிண்ட்டை ஒப்பிட்டுப் பார்க்க மட்டும் வைத்துக்கொண்டு, அளவுகோலால் குறிப்பதே எனக்குத் திருப்தி.

வெட்டுவதற்கு முன்னால் சோதித்துப் பார்க்க வழி உண்டா?

உண்டு, செலவும் கிடையாது. ஒரு மீட்டர் நீளப் பலகை, ஒரு பழைய கிடார் கம்பி, ஒரு டியூனர் சாவி. இரண்டு பக்கமும் கட்டை வைத்து 650-ல் கம்பியை இழுத்துக் கட்டுங்கள். தென்னை ஈர்க்கை விரல் நீளத்துக்கு ஒடித்து, அளவு போட்ட இடங்களில் செலோடேப்பால் ஒட்டுங்கள். ஈர்க்கில் அழுத்தி மீட்டினால் ஸ்வரம் வரும். போனில் டியூனர் ஆப் திறந்துவைத்து ஒவ்வொன்றாகப் பாருங்கள். ஐந்தாவது ஈர்க்கில் வருவது திறந்த கம்பிக்குச் சுத்த மத்யமம், ஏழாவதில் பஞ்சமம், பன்னிரண்டாவதில் மேல் ஷட்ஜம். ஈர்க்கைக் கொஞ்சம் நகர்த்திப் பார்த்தாலே ஒரு மி.மீ. என்ன செய்யும் என்று காதுக்குப் புரிந்துவிடும். ஈர்க்கு அடிப்பக்கம் தடியாகவும் நுனிப்பக்கம் மெலிந்தும் இருக்கும். ஒரே தடி உள்ள நடுப்பகுதியை மட்டும் எடுங்கள், இல்லாவிட்டால் பக்கத்து ஈர்க்கில் கம்பி தட்டும்.

வீணையில் மெழுகில்தானே மெட்டு (ஃப்ரெட்) வைக்கிறார்கள்? கிடாரிலும் காதால் கேட்டு வைத்தால் என்ன?

நல்ல கேள்வி. கர்நாடக சங்கீதம் படித்தவர்கள் கட்டாயம் கேட்பார்கள்.

வீணையில் 24 பித்தளை மெட்டுகளை மெழுகில் பதிக்கிறார்கள். காதுக்குச் சரியாக வரும்வரை நகர்த்திக்கொள்ளலாம், காலம் போய் மெழுகு இளகினால் மறுபடியும் வைத்துக்கொள்ளலாம். வாசிப்புக் கம்பிகள் நாலும் ஷட்ஜத்திலும் பஞ்சமத்திலும் மாறி மாறி நிற்கின்றன. ஆதார ஷட்ஜம் மாறுவதே இல்லை. அதனால் ஷட்ஜத்தோடு இழைகிற இயல்பான ஸ்வரத்துக்கு மெட்டை வைக்க முடிகிறது.

அந்த இயல்பான ஸ்வரமும் கிடாரின் சமப் பங்கு ஸ்வரமும் எவ்வளவு தள்ளி நிற்கின்றன என்று பாருங்கள். இயல்பான பஞ்சமம் கம்பியின் மூன்றில் ஒரு பங்கில் விழும். 650-ல் அது 216.7. நம் பட்டியலில் ஏழாவது ஃப்ரெட் 216.2. வித்தியாசம் அரை மி.மீ., யாருக்கும் தெரியாது. அந்தர காந்தாரத்தில் கதை வேறு. ஐந்தில் ஒரு பங்கில், அதாவது சரியாக 130-ல் விழ வேண்டியது. பட்டியலில் நாலாவது ஃப்ரெட் 134.1. நாலு மி.மீ. தள்ளி, 14 சென்ட் தூக்கலாக ஒலிக்கிறது. தம்புரா போட்டுவிட்டுக் கிடாரில் சங்கராபரணம் வாசித்தால் காந்தாரம் கொஞ்சம் கூர்மையாகக் கேட்பது இதனால்தான், உங்கள் கையின் குறை இல்லை.

சரி, நாலாவது ஃப்ரெட்டை 130-க்கு நகர்த்திவிட்டால்? அந்த ஒரு கம்பியில் அழகாக இருக்கும். ஆனால் கிடாரின் ஆறு கம்பிகளும் வேறு வேறு ஸ்வரத்தில் நிற்கின்றன. ஒரு கம்பிக்கு அந்தர காந்தாரமாக இருக்கிற அதே நேர்க்கோட்டு ஃப்ரெட் அடுத்த கம்பியில் வேறொரு ஸ்வரம். அதற்கு 130 பொருந்தாது. கார்டு பிடித்தால் ஒரு கம்பி இனிக்கும், இன்னொன்று கசக்கும். எல்லாக் கம்பிக்கும் எல்லாச் சுருதிக்கும் ஓரளவு நியாயமாக இருக்கிற ஏற்பாடு சமப் பங்குதான்.

கர்நாடக இசைக்கு இது தடையே இல்லை. யூ. ஸ்ரீநிவாஸ் மாண்டலினில் வாசித்ததும் ஃப்ரெட் போட்ட வாத்தியத்தில்தான். ஸ்வரத்தின் நயம் கம்பியை இழுப்பதிலும் வழுக்குவதிலும் வந்துவிடுகிறது. கமகத்துக்கு வசதி வேண்டுமென்றால் ஃப்ரெட்டுகளுக்கு நடுவே மரத்தைக் குழிவாகச் சுரண்டலாம். சக்தி என்ற இசைக்குழுவில் கிடார் கலைஞர் ஜான் மெக்லாக்லின் வாசித்த கிடாரில் அப்படிச் செய்திருந்தார்கள். அதற்கும் ஃப்ரெட்டின் இடம் மாறாது.

ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. ஷட்ஜம், பஞ்சமம், மேல் ஷட்ஜம் என்று மூன்றே கம்பி கட்டி, ஒரே ராகத்துக்கென்று ஒரு சின்னப் பெட்டி வாத்தியம் செய்கிறீர்கள் என்றால், அதில் காதுக்கு வைத்துப் பாருங்கள். ரொம்ப ருசியாக இருக்கும்.

ஃப்ரெட் காடி வெட்ட ஆக்ஸா பிளேடு போதுமா?

அப்படியே எடுத்தால் போதாது. ஃப்ரெட் கம்பியின் அடிநாக்குக்கு வேண்டிய காடி அகலம் 0.6 மி.மீ.-க்குக் கொஞ்சம் குறைவு. ஆக்ஸா பிளேடின் பற்கள் இரண்டு பக்கமும் மடங்கியிருப்பதால் அது அதைவிட அகலமாக வெட்டும், ஃப்ரெட் பிடிக்காமல் ஆடும். பற்களின் இரண்டு பக்கத்தையும் சாணைக்கல்லில் படுக்கவைத்துத் தேய்த்து மடிப்பைக் குறைக்கலாம். ஒரு துண்டு மரத்தில் வெட்டி, ஃப்ரெட்டை அடித்து, பிடிக்கிறதா என்று பார்த்துவிட்டு ஃபிங்கர்போர்டில் கைவையுங்கள். ஃப்ரெட் ரம்பம் என்று தனியாகவே ஆன்லைனில் கிடைக்கிறது. இரண்டு கிடாருக்கு மேல் செய்கிற எண்ணம் இருந்தால் வாங்கிவிடுங்கள்.

காடி கீறலின் நடுவில் விழ வேண்டும். கீறலுக்கு ஒரு பக்கமாக வெட்டினால் எல்லாக் காடியையும் அதே பக்கமாக வெட்டுங்கள், நட்டையும் அதே அளவு நகர்த்திச் சரிசெய்யலாம். அங்கொன்று இங்கொன்று என்று வெட்டினால் சரிசெய்ய முடியாது.

ஜீரோ ஃப்ரெட் வைக்கலாமா?

தாராளமாக. நட் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு ஃப்ரெட்டை அடித்துவிட்டு, கம்பிகளைப் பிரித்து நிறுத்த மட்டும் அதற்குப் பின்னால் நட் வைப்பது. நட்டின் காடி ஆழத்தைச் சரியாக அரம் போட்டுக் கொண்டுவருவது கஷ்டமான வேலை. ஜீரோ ஃப்ரெட் அதிலிருந்து காப்பாற்றும். அளவெல்லாம் அந்த ஃப்ரெட்டின் நடுவிலிருந்து தொடங்கும்.

கழுத்தும் பெட்டியும் 12-வது ஃப்ரெட்டில் சேரணுமா, 14-லா?

கிளாசிக்கல் கிடாரில் 12, ஸ்டீல் கிடாரில் பெரும்பாலும் 14. பெட்டியை அறுப்பதற்கு முன்னால் இதை முடிவு செய்யுங்கள், ஏனென்றால் பிரிட்ஜ் எங்கே விழும் என்பதை இதுதான் தீர்மானிக்கிறது. 650-ல் 12-வது ஃப்ரெட்டில் சேர்ந்தால் பெட்டி ஓரத்திலிருந்து பிரிட்ஜ் 325 மி.மீ. தள்ளி வரும். 14-ல் சேர்ந்தால் 289.5. பெட்டியின் கீழ் அகலப் பகுதிக்கு நடுவாக்கில் பிரிட்ஜ் உட்கார்ந்தால்தான் மேல்பலகை நன்றாக அதிரும். முதலில் பெட்டியைச் செய்துவிட்டு அப்புறம் ஸ்கேல் நீளம் யோசிக்கிறவர்களுக்குப் பிரிட்ஜ் ஒலித்துளை ஓரத்திலோ அடிப்பக்கத்திலோ போய் நிற்கிறது. ஆள் உயர பிரவுன் பேப்பரில் முழு அளவில் ஒரு படம் வரைந்துவிட்டு மரத்தைத் தொடுங்கள்.

சேடிலை ஏன் பின்னால் தள்ள வேண்டும், எவ்வளவு?

கம்பியை ஃப்ரெட்டில் அழுத்தும்போது அது கொஞ்சம் நீளுகிறது, இழுவிசை கூடுகிறது, சுருதியும் ஏறுகிறது. தடிக் கம்பி எளிதில் வளைந்து கொடுக்காததால் அதில் இன்னும் கூடுதலாக ஏறும். அதை ஈடுகட்டக் கம்பியைக் கொஞ்சம் நீளமாக்கி வைக்கிறோம். ஸ்டீல் கிடாரில் மெல்லிய கம்பிப் பக்கம் 2 மி.மீ. அளவுக்கும் தடிக் கம்பிப் பக்கம் 5 மி.மீ. அளவுக்கும் பின்னால் போகும். அதனால்தான் சேடில் சாய்வாக இருக்கிறது. நைலானுக்கு ஒன்றிரண்டு மி.மீ. போதும், நேராகவே வைக்கலாம்.

பிரிட்ஜை ஒட்டுவதற்கு முன் கம்பி கட்டிப் பார்க்க வழி செய்துகொள்ளுங்கள். ஒட்டிய பிறகு மாற்றுவது பெரும்பாடு.

எல்லாம் அளவாகவே செய்தேன், ஆனாலும் சுருதி சேரவில்லை. எங்கே தப்பு?

எங்கே சேரவில்லை என்று பாருங்கள். முதல் இரண்டு மூன்று ஃப்ரெட்டில் மட்டும் சுருதி கூடுகிறது, மேலே சரியாக இருக்கிறது என்றால் நட்டில் கம்பி ரொம்ப உயரமாக நிற்கிறது. காடியை இன்னும் கொஞ்சம் ஆழப்படுத்துங்கள். ஃப்ரெட் இடத்தைச் சந்தேகப்படுகிறவர்களில் நிறையப் பேருக்கு உண்மைக் காரணம் இதுதான்.

மேலே போகப் போகக் கூடுகிறது என்றால் சேடில் முன்னால் இருக்கிறது, பின்னால் தள்ளுங்கள். குறைகிறது என்றால் முன்னால் கொண்டுவாருங்கள். 12-வது ஃப்ரெட்டில் அழுத்தி வருகிற ஸ்வரத்தையும் அதே இடத்தில் கம்பியை லேசாகத் தொட்டு எடுக்கிற மெல்லிய ஒலியையும் ஒப்பிடுங்கள். 5 சென்ட் கூடுதலாக இருந்தால் 650 ஸ்கேலில் சுமார் 2 மி.மீ. பின்னால் போக வேண்டும்.

ஒரே ஒரு ஃப்ரெட் மட்டும் எல்லாக் கம்பியிலும் பிசகினால் அந்த ஃப்ரெட்தான் தப்பான இடத்தில் இருக்கிறது. கழற்றி, காடியை அதே மரத்தின் மெல்லிய சீவலால் அடைத்து, காய்ந்த பிறகு சரியான இடத்தில் மறுபடி வெட்டுங்கள்.

விசிறி மாதிரி சாய்ந்த ஃப்ரெட் போடலாமா?

தடிக் கம்பிக்கு நீளமும் மெல்லிய கம்பிக்குக் குறைவும் வைக்கிற முறை அது. இரண்டு ஓரத்துக்கும் தனித்தனிக் கணக்கு, நட்டும் பிரிட்ஜும் சாய்வு. ஒரு நேர் ஃப்ரெட் கிடார் செய்து முடித்த பிறகு யோசியுங்கள்.

இந்த ஊர் வெயிலுக்கும் மழைக்கும் ஃப்ரெட் இடம் மாறுமா? எந்த மரம் போடலாம்?

மரம் நார் ஓடுகிற திசையில் ஏறக்குறைய நீளவும் சுருங்கவும் செய்யாது. ஃபிங்கர்போர்டில் நார் நீளவாக்கில் ஓடுவதால் ஃப்ரெட் இடம் நகராது, பயப்பட வேண்டாம். குறுக்கே மட்டும் சுருங்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஈரம் குடித்திருந்த பலகை சித்திரை வெயிலில் சுருங்கும்போது ஃப்ரெட்டின் நுனிகள் ஓரத்தில் துருத்திக்கொண்டு கையைக் கீறும். அரம் போட்டு மழுக்கிவிட்டால் சரி. தென்காசி, குற்றாலம் பக்கத்தில் ஆனி, ஆடிச் சாரலில் செய்து பாளையங்கோட்டைக்குக் கொண்டுவருகிற கிடாரில் இது சீக்கிரமே தெரியும். சாரல் நாளில் ஃபிங்கர்போர்டை ஒட்ட வேண்டாம்.

கழுத்துக்கு, பழைய வீடு இடித்த சாமான் விற்கிற கடையில் நிலைக்கால், உத்தரத் தேக்கு பாருங்கள். பல வருஷம் காய்ந்த மரம், இனிமேல் முறுக்காது. ஆணி ஒளிந்திருக்கும், ரம்பம் வைக்கும் முன் காந்தம் ஓட்டிப் பாருங்கள். முடிச்சு இல்லாமல் நார் நேராக ஓடுகிற துண்டாக எடுங்கள். ஃபிங்கர்போர்டுக்கு ஈட்டி மரம் முதல் தரம், உரிமமுள்ள மரக்கடையில் ரசீதோடு வாங்குங்கள். அது கிடைக்காவிட்டால் நன்றாகக் காய்ந்த நாட்டுக் கருவேல மரம். மாட்டுவண்டிச் சக்கரத்துக்குப் போன மரம், ஃப்ரெட்டை இறுகப் பிடிக்கும். காடி வெட்டக் கை வலிக்கும், அவசரப்படாமல் வெட்டுங்கள்.